கூரை நல்ல நிலையில் உள்ளது

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த புண்ணியவான்களே, ரப்பர் பால் கணக்கைக்கூட எழுதிவிடலாம். வருடா வருடம் தலைமை ஆபீஸுக்குத் 'தொழிலாளர் நலன் அறிக்கை' அனுப்புவதுதான் பெரிய தலைவலி. எழுபதுகளின் கடைசியில், கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பட்ட பாடு இது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சிவப்பு மை

பெண்கள் விடியுமுன் பால்மரம் சீவப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில், அஞ்சலை ஆயாவின் பொறுப்பில். அந்தக் கொட்டகைக் கூரை மழைக்கு ஒழுகும். ஒருமுறை ஒரு குழந்தைக்கு நெஞ்சுச் சளி முற்றி, கூலிம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்தது.

'கூரை ஒழுகுகிறது' என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுவேன். மானேஜர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'கூரை நல்ல நிலையில் உள்ளது' என்று திருத்துவார். தலைமை ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர் வேண்டுமே! நன்றாக இருக்கும் கூரைக்கு அவர்கள் எதற்குப் புதுத் தகரம் தருவார்கள்? ஒருநாள் துணிந்து கேட்டேன். "கிராணி, உம்ம வேல டைப் அடிக்கிறது. அண்ணாந்து பாக்கிறது இல்ல," என்றார்.

பாதிச் சுண்ணாம்பு

அறிக்கையில் உள்ளதெல்லாம் உண்மையா என்று நேரில் பார்க்க, அந்த வருடம் பினாங்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மானேஜரோ, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு உடனே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அதுவும் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும். அடித்து முடித்த முனியாண்டி அண்ணன் தள்ளி நின்று பார்த்தார். "பாதி மூஞ்சிக்குப் பவுடர் போட்ட மாரி இருக்குலா!"

வீட்டுக்கு வரும் விருந்தாளி

சுண்ணாம்பு போகட்டும், கொட்டகைக் கூரையை மானேஜர் மறைக்க முடியாது என்று நம்பியிருந்தேன். அதிகாரி வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தால், லயத்துப் பெண்களே மறைத்துவிட்டிருந்தார்கள்! ஓட்டைகளுக்குக் கீழே கித்தான். அதன்மேல் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய வண்ணக் காகிதத் தோரணம். ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த பேசின்களைக்கூடக் காணோம். வானத்திலோ ஒரு பொட்டு மேகம் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானாக வாய் திறந்தால் மறுநாளே வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வீடு தேடி வர்ற மனுசன்கிட்ட ஓட்டையவா காட்டுவாங்க, கிராணி?"

ஒரே பக்கம்

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். தோரணத்தைப் பார்த்தார், தலையாட்டினார், கையிலிருந்த அறிக்கையில் சரி என்று குறி போடப் பேனாவையும் திறந்தார். போச்சு, இன்னொரு மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனாவோடு நின்றவர் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சேலைத் தொட்டில்கள் எல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்துத் தொங்கின. மறுபாதி வெறுமையாகக் கிடந்தது. பெண்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள், தொட்டில்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவை எப்போதும் அங்கேதானே இருக்கும்!

"ஏனம்மா, எல்லாத்தையும் ஒரே பக்கம் கட்டி வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார் அதிகாரி.

அஞ்சலை ஆயா மடியிலிருந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே, சர்வ சாதாரணமாகப் பதில் சொன்னார்: "அந்தப் பக்கம் மழ ஊத்தும்ங்கய்யா, புள்ளைங்க நனஞ்சிரும்ல."

புதுத் தகரம்

அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கித்தானை விலக்கிப் பார்த்தார். மானேஜரும் அன்றுதான் அண்ணாந்து பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே புதுத் தகரம் வந்து இறங்கியது.

முதல் பெருமழை அன்று பழக்கதோஷத்தில் ஆபீஸிலிருந்து குடையோடு ஓடினேன். கொட்டகை முழுக்கத் தொட்டில்கள் பரவலாகத் தொங்கின. தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்பாடா என்று இருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அஞ்சலை ஆயா சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டார். "பேசின் மாத்துற வேல இல்ல பாருங்க, எனக்கே தூக்கம் வருது, கிராணி!"

அந்த வருட அறிக்கையிலும் 'கூரை நல்ல நிலையில் உள்ளது' என்ற அதே பழைய வரிதான் போனது; அது உண்மையாகிவிட்டது என்பது மட்டும்தான் திருத்தம்.