நாங்கன்னா யாரு

தன்மைப் பன்மை நடத்தும் அன்று நான் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவேன். பேசுகிறவர் வட்டத்துக்குள்ளே. கேட்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொண்டால் 'நாம்'. அவரை வெளியே நிறுத்திவிட்டால் 'நாங்கள்'. இவ்வளவுதான் பாடம். அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் இதை நடத்தியிருக்கிறேன். வீட்டில் அந்த வட்டத்துக்கு வெளியே நானே போய் நிற்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

என் கணவர் வருவாய்த் துறையில் இருந்தார். செங்கல்பட்டில் வாடகை வீடு. அவருக்கு எதற்கெடுத்தாலும் 'நாம'தான். காலையிலிருந்து அடுப்படியில் நிற்பவள் நான், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். ஆனால் ரசத்தை ஒரு வாய் வைத்ததும், "இன்னா, நாம உப்பு போட மறந்துட்டோமா?" என்று கேட்பார்.

"நாம மறக்கல. நான் மறந்தேன். நீங்க அடுப்பு பக்கமே வரல" என்பேன்.

"சரி, நாம சேர்ந்து போட்டுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை என்னுடையது, பன்மை மட்டும் அவருடையதா என்று சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது அந்த ஒரு சொல்லுக்காக ஏங்குகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்குகிறேன்.

என் தம்பிக்குச் செய்யூர் பக்கம் கடலோரத்தில் நிலம் இருந்தது. பாதி வேர்க்கடலை, பாதி சவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவோம். சவுக்குத் தோப்புக்குள் ஊர்க்காரர்கள் கடலுக்குப் போகும் மண் வழி ஒன்று இருந்தது. அதில் நடந்து போய்க் காலை நனைத்துவிட்டு வந்து, உதிர்ந்து கிடக்கும் சவுக்கு இலைமேல் துண்டை விரித்து அவர் படுத்துவிடுவார். "ரிட்டயர் ஆனதும் நாம இங்கயே வந்துடலாம்" என்பார் கண்ணை மூடிக்கொண்டு.

தம்பி விடமாட்டான். "வாங்க மாமா, வாங்க. ஆனா அதுக்குள்ள நான் சவுக்க வெட்டிடுவேன். வெயில்லதான் குந்திகினு இருக்கணும்."

திரும்பும்போது சதுரங்கப்பட்டினத்தில் டீயும் மசால் வடையும். வடை சில நாள் பழசாக இருக்கும். அதைக்கூட இப்போது நல்ல வடையாகத்தான் நாக்கு நினைத்துக்கொள்கிறது.

பிறகு கம்பெனி வந்தது. அந்தக் கடலோரத்தில் தொழிற்பூங்கா வரப்போகிறது என்றார்கள். பூங்கா என்றதும் ஏதோ செடி கொடி வைப்பார்கள் என்று நினைத்த ஆட்களும் ஊரில் உண்டு. நிலம் எடுப்பதற்குத் தனி அலுவலகம் போட்டு, அதற்கு என் கணவரை மாற்றினார்கள்.

"வேணான்னு எழுதிக் குடுங்க. தம்பி நெலமும் அதுல வருது" என்றேன்.

"நாம போகலன்னா வேற எவனாவது வருவான். அவனுக்கு இந்த ஜனம் யாரு, எவருன்னு தெரியுமா? நாம இருந்தா அந்த வழியையாவது காப்பாத்தலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு அந்தச் சவுக்குத் தோப்பு என்றால் உயிர்.

அரசு அலுவலகம்தான், ஆனால் கம்பெனி வாடகைக்கு எடுத்த கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஏசி கம்பெனியுடையது. கார் கம்பெனியுடையது, முன் கண்ணாடியில் மட்டும் 'அரசுப் பணி' என்று ஒட்டியிருந்தார்கள். சாலை முனையில் போலீஸ் பூத் ஒன்று வந்தது. கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் இருப்பதுபோல, அதில் காவல் துறை என்பதைவிடப் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். என் பள்ளிக்கும் புதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். அதைத் திறந்துவைத்த அன்று நானும்தான் கை தட்டினேன். பெண் பிள்ளைகள் அவ்வளவு கஷ்டப்பட்டிருந்தார்கள், தட்டாமல் என்ன செய்வது.

ஆரம்பத்தில் அவர் வீட்டுக்கு வந்தால் 'கம்பெனிக்காரங்க' என்பார். சில மாதங்களில் அது 'அவங்க' ஆயிற்று. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கடல் பக்கம் நாங்க காம்பவுண்டு போடப் போறோம்" என்றார்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "நாங்கன்னா?"

"அதான், ஆபீசு."

"தாசில்தார் ஆபீசு எப்பலேர்ந்து காம்பவுண்டு போடுது?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஊருக்கு வெளியே சாமியானாப் பந்தலில் நடந்தது. பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கம்பெனி ஏற்பாடு. மேடையில் அதிகாரிகளும் கம்பெனி மேலாளர்களும் ஒருவர் விட்டு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். யார் எவர் என்று தெரியவில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி சால்வை. நான் லீவு போட்டுவிட்டுப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய அதிகாரி என் கணவரைப் பேசச் சொன்னார்.

அவர் நன்றாகப் பேசக்கூடியவர். மைக்கைப் பிடித்தார். "நாங்க வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலை குடுப்போம். நாங்க ரோடு போடுவோம். உங்க வழிய நாங்க மூட மாட்டோம். நாங்க யாரையும் வெறுங்கையா அனுப்ப மாட்டோம்."

எனக்கு முன் வரிசையில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கடலை பிடுங்கும் பருவத்தில் தம்பி நிலத்துக்கும் வேலைக்கு வருவாள். அவள் கையைத் தூக்கவில்லை, மைக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சாரு, வந்ததுலேர்ந்து நாங்க நாங்கன்னு சொல்லிகினு கீறியே. நாங்கன்னா யாரு? கெவர்மென்டா, கம்பெனியா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மேடையில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரியும், அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று.

"ரெண்டும்தாம்மா" என்றார்.

மேலாளர் ஒருவர் கை தட்டினார். நல்ல பதில் என்று நினைத்திருப்பார். அவள் உட்காரவில்லை. "அப்போ உங்க மேல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னா யாராண்ட போறது?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் உதட்டை அசைத்தார். அதற்குள் இன்னொருவர் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அந்தச் சந்தடியில் என் கணவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் அவள் முதுகுக்குப் பின்னால், தம்பியின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வட்டத்துக்கு வெளியே. அன்றைக்குத்தான் என் பாடம் எனக்குப் புரிந்தது.

நிலம் போயிற்று. பருவத்துக்கு முன்பே தம்பி சவுக்கை வெட்டினான். இப்போது வேன் ஓட்டுகிறான், அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒப்பந்த வேன். அவன் அவரைத் திட்டியதில்லை. போன் செய்தால், "அக்கா, சாரு கீறாரா?" என்று கேட்பான். மாமா சாராகிப்போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

இவர் ரிட்டயர் ஆனார். தோப்புக்குப் போய்விடலாம் என்று சொன்ன மனிதர், மறு வாரமே அந்தக் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார். படூரில் அடுக்குமாடி வீடு. கழுத்தில் அட்டை. ராத்திரி போனில் 'நாங்க பார்த்துக்கிறோம் சார்', 'நாங்க பேசிட்டோம் சார்' என்று குரல் ஹாலிலிருந்து வரும். கலெக்டர் ஆபீசில் எந்த மேசையில் யார் என்று அவருக்குத் தெரியும், அதற்குத்தான் அந்த நாற்காலி. நான் படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் வேறு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது. சண்டை போடவாவது ஒரு முகம் கிடைத்திருக்கும்.

அந்த நாற்காலியும் நிலைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த அதிகாரிகள் எல்லாம் மாற்றலாகிப் போனதும், புதிதாக ரிட்டயர் ஆன ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு பூங்கொத்து, ஒரு சுவர்க் கடிகாரம். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவர் பேச்சில் எழுவாயே இல்லாமல் போயிற்று. 'சாப்பிடணும்.' 'தூங்கணும்.' 'மாத்திரை வாங்கணும்.' யார் என்று இருக்காது. 'நாம'வும் இல்லை, 'நாங்க'வும் இல்லை. பால்கனியில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் கோபம் இருந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், "கடலுக்குப் போகணும்" என்றார்.

"யாரு?" என்றேன். வாத்தியார் புத்தி.

அவர் இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்தார்.

எலுமிச்சை சாதம் கட்ட நேரமில்லை. ஈசிஆரில் போய்ச் சதுரங்கப்பட்டினம் தாண்டி, செய்யூர் பக்கம் திரும்பி, மண் வழி தொடங்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே இரும்புக் கதவு. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டும் வரை அவர் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்ன காம்பவுண்டு. தம்பியின் மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் காவலாளியின் அறை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"யாரு சார் நீங்க? எந்த ஆபீசு?"

என் கணவரின் கை தானாகச் சட்டைமேல் போயிற்று, அட்டை தொங்கிய இடத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. "நாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று பல வருஷமாகக் கேட்டுப் பழகியவள் நான்.

"நாங்க ஆபீசு இல்லங்க. நாங்க புருஷன் பொண்டாட்டி. சும்மா கடல பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

காவலாளி தலையை ஆட்டினார். "வழி இல்ல சார். பர்மிசன் கீதா?"

"யாராண்ட வாங்கணும்?" என்று கேட்டார் என் கணவர்.

"அது தெர்ல சார். கம்பெனில கேட்டா கலெக்டர் ஆபீசுன்றாங்கோ. அங்க போனா இங்க அனுப்பறாங்கோ. உங்கள மாரி தெனம் யாராச்சும் வந்து என்னயத்தான் கேக்கறாங்கோ."

என் கணவர், ஆடு மேய்க்கிறவளின் கேள்விக்கு மேடையில் நின்றதுபோலவே நின்றார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. எங்கள் ஸ்கூட்டர் நிழலைத் தவிர அங்கே நிழலே இல்லை. வெயிலில்தான் குந்தணும் என்று தம்பி கிண்டல் செய்தது நினைவுக்கு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டேன். துக்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவருடைய 'நாங்க'வுக்குள் நான் இருந்தேன். வெளியே நின்றவர் அந்தக் காவலாளி. பூட்டிய கதவுக்கு முன்னால் அதுவாவது கிடைத்தது.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். வேண்டுமென்றே உப்பு போடவில்லை. அவர் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். ஜாடியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

நாளைக்கும் நான் உப்பு போடப் போவதில்லை.