காலால் தட்டிய பதினோரு கட்டை

என் ஓரகத்தி இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்த இடம் ஒரு முழ அகலப் பலகை. ஆலைக்காரர்களின் பொழுதுபோக்குக் கூடத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட ஒரே ஒரு தடம் உண்டு. அதன் கோடியில், பந்து விழும் பள்ளத்துக்கு மேலே அந்தப் பலகை. இடுப்பு சிறுத்த புட்டி மாதிரி பத்து மரக்கட்டைகள். விழுந்ததை எடுத்து நிறுத்த மெஷின் கிடையாது, அவள்தான். அதனால் ஊருக்கே அவள் பத்தக்கா. நான் வாசலில் செருப்பை வாங்கிக்கொண்டு ஆடுகிற ஷூவைக் கொடுப்பவள்.

அவள் ஒருநாளும் பந்தைத் தூக்கி எறிந்ததில்லை. ஆனால் நிற்கிற கட்டையைப் பார்த்தே எறிந்தவன் கையைச் சொல்லிவிடுவாள். ஓரத்தில் ஒன்று மட்டும் நின்றால் பந்து நல்ல பந்துதான், கட்டைக்குத்தான் பிடிவாதம். ஒரு பக்கமாகக் கொத்தாக நின்றால் தோள் முந்திக்கொண்டது. இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று நின்றால் அதற்குப் பெயர் கொம்பு. பந்து வளையாமல் வந்து முன்கட்டையின் நெற்றியில் நேரே மோதியிருக்கிறது என்று பொருள். ஒரு பந்தில் இரண்டு கொம்பையும் சாய்ப்பது குதிரைக்கொம்புதான்.

"பத்தக்கா, கட்டைய பசை போட்டு ஒட்டிட்டியா?" என்பார்கள்.

"உன் வாய்க்கே பசை பத்தல, இதுல கட்டைக்கு வேறயா?" என்று பள்ளத்திலிருந்து பதில் வரும்.

அவள் வீட்டுக்காரர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், ஆலையில் காகித உருளை தூக்குகிறவர். சனிக்கிழமை மத்தியானம் அவர் பந்து போட்டால் கடைசியில் ஒரு வளைவு வளைந்து முன்கட்டையின் தோளுக்குள் புகும். அதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அவருக்குக் கொம்பு நிற்பது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

அந்த வருடம் அடுத்தடுத்த வாரமெல்லாம் நின்றது. ஒரு நாள் நான் ஷூவை அடுக்கிக்கொண்டிருந்தபோது பத்தக்கா என்னிடம் வந்து சொன்னாள்.

"விரல் பந்தைத் திருப்பலடி. கையில ஏதோ ஆயிருக்கு."

"டாக்டர்கிட்ட போகச் சொல்லுக்கா."

"சொன்னேன். 'ரெண்டு கொம்பையும் முறிச்ச கைடி இது, டாக்டருக்குக் காட்டணுமா'ங்கறார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவர் முறிக்கல. ஒண்ண அவர் அடிச்சார். சத்தத்தோட சத்தமா இன்னொண்ண நான் காலால தட்டி விட்டேன். மூஞ்சி வாடிப்போச்சே, பொறுக்கல."

அறுபது அடி தூரம், மங்கல் வெளிச்சம். யாருக்குத் தெரியப்போகிறது?

"விடுக்கா, சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். அதைச் சொன்னவள் நான். மறைக்கமாட்டேன்.

மூன்று மாதம் அப்படியே போனது. ஒரு காலையில் அவர் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது. அவள் தரையைத் துடைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். அந்தச் சனிக்கிழமை அவருக்கு நான்கு முறை கொம்பு நின்றது. நான்கு முறையும் அவள் காலை மடக்கி மேலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். "இன்னைக்குக் கட்டைக்கு என்ன கேடு?"

"கட்டைக்கு இல்லீங்க. இத்தனை நாளா நான் தட்டிவிட்டேன்."

அவர் நின்றுவிட்டார். "எத்தனை?"

"பதினொண்ணு."

"அட பாவி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கழுத்து எலும்பில் ஒரு கட்டி, நரம்பை நெரிக்கிறது என்றார் டாக்டர். "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாம்மா." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளோ நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'விடுக்கா' என்று சொன்ன நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆலை வேலை போயிற்று. அவளை அவர் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். கடைசியாக ஒருமுறை கூடத்துக்கு வந்து இடது கையால் எறிந்தார். எப்படியோ எட்டு விழுந்தது. கோடிக்கு ஒன்றாக இரண்டு நின்றன. இரண்டாம் பந்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினார்.

"ஏய், தொட்டுடாதே!"

பந்து நடுவே புகுந்து ஒன்றையும் தொடாமல் பள்ளத்தில் விழுந்தது. அவர் ஷூவைக் கழற்றி என் மேசையில் வைத்தார். கழற்றுவதற்கு முன் கயிற்று முடிச்சை அவிழ்த்துவிட்டது நான்தான்.

அடுத்த மழைக்காலம் அவரைக் கொண்டுபோனது. அவள் பதினைந்தாம் நாள் பலகைக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் யாருக்குக் கொம்பு நின்றாலும், பந்து வந்து போகிறவரை, வலது கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.