சுவரைப் பார்த்த நாற்காலி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஒரு வாரம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. வருகிறவர்களெல்லாம் ஏன் என்று கேட்பார்கள், நான் மழுப்பிவிடுவேன். சுவரைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தவர் என் மாமனார். பின்னால் நின்று அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். இப்படி ஒரு கூத்தை வேறு யாராவது நடத்தியிருப்பார்களா என்று தெரியவில்லை.

மாமா, திருவேங்கடம் ஊர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போட்டவர். மாமியார் போன பிறகு சங்கரன்கோவிலில் எங்களோடு வந்து இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. அவரும் என்னை நேராகக் கூப்பிட்டதில்லை. தாகமெடுத்தால், "வீட்டுல தண்ணி இருக்கா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்பார். நான் செம்பை அருகில் வைத்துவிட்டு நகர்ந்து கதவோரம் நின்றுகொள்வேன். அது மரியாதையா, பயமா, வெறும் பழக்கமா என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் கால்கள் ஓய்ந்துபோயின. நாற்காலியை விட்டுத் தானாக எழ முடியவில்லை. என் கணவர்தான் தூக்கிக் கழிவறைக்குக் கூட்டிப்போவார். கணவர் கடைக்குப் போய்விட்டால் மாமா பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்கமாட்டார். எங்கள் தெருவில் தள்ளாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். எக்சர்சைஸ் பிள்ளை என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவளிடம் மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. கக்கூசுக்கு மட்டும் நானாப் போயிரணும். மருமவ கைக்கு அந்த வேலை போயிரக் கூடாது." எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, நான் இருப்பதை மறந்து சொன்னாரா, தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்வதுதான் பயிற்சி, அதைத் தினமும் செய்ய வேண்டும், தனியாகச் செய்யக்கூடாது, பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். பகலில் வீட்டில் இருக்கும் ஆள் நான் மட்டும்தான். மறுநாள் இருவருமே தயங்கினோம். கடைசியில் மாமாவே வழி சொன்னார், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிடலாம் என்று. முறையும் கெடாது, பயிற்சியும் நடக்கும். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "எந்திரிங்க மாமா, உக்காருங்க மாமா" என்பேன். அவர் சுவரில் கையூன்றித் தட்டுத்தடுமாறி எழுவார். மாமனாருக்கே உத்தரவு போடுகிறோமே என்று நாக்கு கூசும்.

அடுத்த வாரம் வந்த பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். "ஏக்கா, தாத்தா முன்னால விழுந்தா நீங்க பின்னால நின்னு என்ன செய்வீய? எதுக்க உக்காருங்க. கூடச் சேந்து நீங்களும் செய்யுங்க."

"அதெல்லாம் முறையில்லம்மா" என்றார் மாமா.

"விழுந்து எலும்பு முறிஞ்சா மட்டும் முறையா?" என்று கேட்டுவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக நிறுத்தி நாற்காலியைத் திருப்பினாள். எதிரே இன்னொன்றை இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எங்கே பார்ப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவர் என் தலைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்தார். நான் அவர் கால்விரல்களைப் பார்த்தேன். சேர்ந்து எழுந்தோம், சேர்ந்து உட்கார்ந்தோம். முதலில் என் இரண்டு கைகளையும் பிடித்துத்தான் எழுவார். என்னைக் கீழே இழுத்துவிடும் கனம். பிறகு ஒரு கை. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே, "உனக்கும் முட்டு நோவுதோ?" என்றார். என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய நேரம். ஒரு மத்தியானம் மாமா யாரையும் பிடிக்காமல் எழுந்து, சுவரைத் தடவித் தடவி நடந்து கழிவறைக்குள் போனார். தாழ்ப்பாள் போடக்கூடாது என்று அந்தப் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போட்டுவிட்டார். சந்தோஷப்படுவதா, கதவைத் தட்டுவதா என்று புரியாமல் வெளியே நின்றேன். திரும்பி வந்தவர் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதையும் குடித்தார்.

இனி நான் எதிரே உட்கார வேண்டுமா, பழையபடி கதவோரம் நிற்க வேண்டுமா? யாரிடம் கேட்பது? குழப்பத்தில் அன்றும் மறுநாளும் அடுப்படியிலேயே நின்றேன். அதற்கடுத்த நாள் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "தாயி, கை குடு."

மறுபடி கால் ஓய்ந்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தார். என் கையில் கனமே தெரியவில்லை. தன் காலாலேயே எழுந்திருந்தார். நின்ற பிறகும் கையை விடவில்லை.

ஏன் என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அதன்பின் தினமும் கை கேட்டார். நானும் தினமும், பாரம் தாங்குகிறவள்போலக் காலை ஊன்றிக்கொண்டு கொடுத்தேன்.