இரண்டு தெருவுக்கும் ஒரே மாதிரி

2020 ஜூன் மாதம். மந்தைவெளியில் எங்கள் தெருவின் வாயை மாநகராட்சி ஆட்கள் தகரம் வைத்து அடைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தெருவில் மூன்று வீடுகளில் கொரோனா. யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரவும் கூடாது. நோய் என்றால் அப்படித்தான் என்று முதல் நாள் நானும் ஒத்துக்கொண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததெல்லாம் எதிர்த் தெருவைப் பார்த்துத்தான்.

நடுவில் ஒரே ஒரு சாலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அங்கேயும் மூன்று வீடுகளில் நோய். ஆனால் சாலையைத் தாண்டினால் வேறு வார்டு, வேறு அதிகாரி. அவர் அந்த மூன்று வீட்டு வாசலில் மட்டும் குறுக்கே கம்பு கட்டி, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போய்விட்டார். மற்ற வீட்டுக்காரர்கள் பால் வாங்கப் போனார்கள், கீரை வாங்கப் போனார்கள், சும்மாவும் போனார்கள். நான் மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். போதாததற்கு, திருச்சியிலிருந்து என் தங்கை தினமும் போன் செய்து, "இங்க பஸ்ஸே ஓடுதுக்கா, சலூன்கூட திறந்தாச்சு" என்பாள். என் கணவரின் முடி காதை மூடிக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டால் எப்படி இருக்கும்?

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போடுகிறவள். எங்கள் மாதா கோவில் திருவிழா நோட்டீஸில் ஓர் ஒற்று விட்டுப்போனால்கூட, சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிர்த் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடமாக என்னைப் பள்ளியில் கொண்டுவிடுகிறவர். எங்கள் தெருவை அடைத்த நாளிலிருந்து, யாரும் கேட்காமலே, எங்களுக்கு வேண்டியதை வாங்கி வந்து தகரத்துக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தார். பால், பிரஷர் மாத்திரை, ஒரு வீட்டுக்கு நாய் பிஸ்கெட்.

அவர் மனைவி பிப்ரவரியிலேயே தலைப்பிரசவத்துக்காக ஆம்பூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாளும் முடிந்துவிட்டது. பாய் தன் பிள்ளையைப் போனில் பார்த்ததோடு சரி. "நெட்டு நின்னுச்சுன்னா புள்ள மூஞ்சி அப்டியே நின்னுக்குது டீச்சர், சிரிக்குதா அழுவுதான்னு தெர்ல" என்று ஒரு நாள் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள். அந்தப் படிவத்தில் மருத்துவம், மரணம், திருமணம், சிக்கிக்கொண்டவர்கள் என்றுதான் இருந்தது. "சாவுக்குக் கட்டம் கீது, கல்யாணத்துக்குக் கட்டம் கீது, பொறந்ததுக்கு ஒண்ணும் வெக்கல பாத்தீங்களா?" என்றார். நான்காவது முறை காரணத்தை நான் எழுதிக் கொடுத்தேன். பிரசவத்துக்குப் போன இடத்தில் சிக்கிக்கொண்ட தாயையும் சேயையும் அழைத்துவர என்று நாலே வரி. பாஸ் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை போய்விட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். நண்பர் ஒருவர் கார் தருவதாகச் சொல்லியிருந்தார். என் தமிழுக்கு அரசாங்கமே இறங்கி வந்துவிட்டது என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை எதிர்த் தெருவுக்கு கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து மீன்காரம்மா வந்துவிட்டார். மொட்டை மாடியிலிருந்தே தெரிந்தது, சங்கரா மீன். அந்தத் தெருப் பெண்கள் கூடையைச் சுற்றி நின்று செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். என் கையில் பத்தாவது நாளாக உருளைக்கிழங்கு. எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, நேரே கீழே இறங்கி வந்து மாநகராட்சி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஒரு சின்னப் பெண். களைத்த குரல். நான் விடவில்லை. "அவங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமாம்மா? அங்கயும் மூணு வீடு, இங்கயும் மூணு வீடு. ரெண்டு தெருவுக்கும் ஒரே மாதிரி செய்யுங்க" என்றேன். அந்தப் பெண் எதிர்த் தெருவின் பெயரைக் கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நடவடிக்கை எடுக்கிறோம் மேடம் என்றாள். நறுக்கென்று கேட்டுவிட்டேன் என்று என் கணவரிடம் பெருமை வேறு. அவர் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுத்தியல் சத்தம். நம் தகரத்தைக் கழற்றுகிறார்கள் என்று இரண்டு பேரும் தெருமுனைக்கு ஓடினோம். எங்கள் தகரம் அப்படியே இருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம் புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை அவர்கள் மாதிரி ஆக்குங்கள் என்று நான் கேட்டதாக நினைத்தேன். அவர்களை எங்கள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். என் வாக்கியத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

பாய் போனை நீட்டி, பாஸைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "தகரத்துக்குள்ள இருக்குறவங்களுக்கு பாஸ் செல்லாதுண்ணே, பதினாலு நாள் போகட்டும்" என்று ஆணி அடிப்பவர் பணிவாகத்தான் சொன்னார். பாய் பாஸை மறுபடி ஒரு முறை தானே படித்துப் பார்த்தார். அதை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அன்று முழுக்க இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கோவில் மார்ச்சிலிருந்தே பூட்டியிருந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட வழியில்லை. "சாமியார்கிட்ட என்ன சொல்லப்போற? பாய்கிட்ட சொல்லு" என்றார் என் கணவர். சனிக்கிழமை, பாய் ஆம்பூரில் இருந்திருக்க வேண்டிய மதிய நேரத்தில், போன் செய்து தெருமுனைக்கு வரச் சொன்னேன். நானும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் தகரத்துக்கு மேலே என் தலை. எதிர்த் தகரத்துக்கு மேலே அவர் தலை. நடுவில் காலியான சாலை. இரண்டு பேர் காதிலும் போன். கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

எல்லாவற்றையும் சொன்னேன், மீன் வரைக்கும். "மூடச் சொல்லல பாய். எங்களதத் திறக்கணும்னுதான் கேட்டேன்."

பாய் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "ஒரே மாதிரின்னா சொன்னீங்க?" என்றார்.

"ஆமா பாய்."

"இன்னா டீச்சர் நீங்க... தமிழ் டீச்சர் வேற" என்றார். அவ்வளவுதான். எதிர்த் தகரத்துக்கு மேலே இருந்த தலை இறங்கிவிட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் எங்கள் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். இப்போது நாங்கள் வெளியே, அவர்கள் உள்ளே. இத்தனை நாள் எங்களுக்குப் பால் நீட்டியவருக்கும் அவர் தெருவுக்கும் இனி யார் நீட்டுவது? பையை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். பாய்க்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதானே? மூஞ்சியில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

தகரத்துக்கு மேலே தலையை நீட்டியது முனை வீட்டில் இட்லி சுட்டு விற்கும் அம்மா. என்னைப் பார்த்ததும், "வா டீச்சர், நீயாவது வந்தியே. எவனோ ஒரு பேமானி போன் பண்ணி உட்டுக்கினான், எங்க பொயப்பே போச்சு. நல்லா இருப்பானா அவன்?" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் பாய் நின்றுகொண்டிருந்தார். "இந்தா, பாயக் கேளு, புள்ளயக்கூட பாக்க முடியாம நிக்கிறான். ஆர்னு அவனுக்கும் தெர்லயாம்" என்றார் அந்த அம்மா.

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்கு அர லிட்டர் பால் டீச்சர், நீலப் பாக்கெட்டு" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாஸ்க் எல்லாம் நனைந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தத் தெரு என்னை ஆயுசுக்கும் மன்னித்திருக்காது. அவர் சொல்லவில்லை.

பதினாலு நாள் முடிந்து அவர்களுக்கும் திறந்தார்கள். பழைய பாஸ் காலாவதி. மறுபடி விண்ணப்பம், மறுபடி நான்தான் எழுதினேன். இந்த முறை பாய் சும்மா விடவில்லை. மூன்று தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் வராதே டீச்சர்?" என்றார். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நானும் சிரித்தேன்.

ஜூலை நடுவில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே பாயின் மனைவி. மடியில் துணிக்குள் குழந்தை. நான் ஆறடி தள்ளி நின்றுதான் பார்த்தேன். துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார்கள். அது கொட்டாவி விட்டது. பாய் தன் மனைவியிடம், "டீச்சர்தான் லெட்டர் எழுதுனாங்க, ரெண்டு வாட்டியும்" என்றார். ஏன் இரண்டு முறை எழுதவேண்டி வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தை இப்போது எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். காலையில் அதே ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கடைப் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வருகிறாள். அவள் அம்மாவுக்கு இன்னமும் பாதிக் கதைதான் தெரியும். அநியாயம் என்று பட்டால் எனக்கு இன்றைக்கும் வாய் சும்மா இருப்பதில்லை. ஆனால், எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேனா, அவர்களிடமிருந்து பிடுங்குங்கள் என்று கேட்கிறேனா என்பதை எனக்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.