சென்றாயனும் சத்தம் போடாத காரும்

கம்பைநல்லூர் வட்டாரத்தில் போர்வெல் லாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சென்றாயன் பேரைச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். பதினாலு வயதில் லாரியில் ஏறிக் குழாய் தூக்கினார். இருபதில் ஸ்டியரிங் பிடித்தார். முப்பத்தைந்தில் சொந்த லாரி. யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ராஜஸ்தான் மணலில் புதைந்த வண்டியை ஒண்டியாளாக மேலே ஏற்றியவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆள் அந்த வெள்ளிக்கிழமை காலை தன் ஷெட்டில் ஒரு காரைப் பார்த்துக் காது கூசும்படி திட்டிக்கொண்டிருந்தார்.

கார் மகள் கோகிலவாணியுடையது. பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடுகிற ஹைபிரிட். பதினாலு மாதத்துக்கு முன்பு வேலைக்கு ஜெர்மனி போகும்போது, "வாரத்துக்கு ஒருக்கா ஓட்டுங்கப்பா, நின்னா கெட்டுரும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். போனில் அவள் கேட்கும்போதெல்லாம், "நேத்துதான் தீர்த்தமலை போயிட்டு வந்தேன்", "பென்னாகரம் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சேன்" என்று இவரும் அளந்துவிட்டார். கார் ஷெட்டிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். அதற்குள் வண்டி கிளம்பாவிட்டால், அப்பன் சொன்னதெல்லாம் பொய் என்று வெளிச்சமாகிவிடும்.

சாவிப் பொத்தானை அமுக்கினால் கதவுகூடத் திறக்கவில்லை. டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டினார். அந்த நேரத்தில் நவநீதன் வந்து இறங்கினான். அரூரில் கார் எலக்ட்ரீஷியன், சென்றாயன் மனைவி தீர்த்தம்மாளின் அண்ணன் மகன். அத்தை போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

"கயித்த அவுருங்க மாமா. சக்கரம் தரையில இருக்க இதை இழுத்தா உள்ள மோட்டார் போயிரும்."

"எத்தினி லாரியத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியுங்க மாமா. எங்கப்பாதான தள்ளுனாரு."

தீர்த்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சென்றாயனுக்கு முகம் கடுத்தது. லாரி பேட்டரி ரெண்டையும் சேர்த்துக் கொடு என்றார்.

"அது இருபத்துநாலு வோல்ட்டுங்க. இதுக்குப் பன்னெண்டுதான். குடுத்தா எல்லாம் பொசுங்கிரும்."

சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவி நவநீதன் கதவைத் திறந்தான். பானெட்டைத் தூக்கினான். "இந்த ஆரஞ்சு ஒயரை மட்டும் தொட்டுறாதீங்க மாமா, ஆளையே அடிச்சிரும்."

"எம் வூட்டு வண்டியில என்னைய தொடாதங்கறியா நீ?"

நவநீதன் கூடவே கொண்டுவந்த பேட்டரியில் ஒயரை மாட்டினான். சென்றாயன் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினார். முன்னால் பச்சையாக எழுத்து வந்தது. காதைத் தீட்டிக் கேட்டார். மூச்சுப் பேச்சில்லை. சனியன் என்று அணைத்தார். மறுபடி அமுக்கினார், மறுபடி அணைத்தார்.

"மாமா, வண்டி ஓடுது, கரண்டுல இருக்கறப்ப சத்தம் வராது. நீங்கதான் அணைக்கறீங்க."

"ஓடற வண்டி ஊமையாவா இருக்கும்?"

அடுத்த தடவை நவநீதன் ஜன்னல் வழியாகக் கை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் தானாக உறுமியது. சென்றாயனுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. கேட்டபோது வாய் திறக்காமல், தனக்குத் தோன்றியபோது உறுமுகிற வண்டியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

நவநீதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான். "பாப்பா போறப்ப சர்வீஸ் விட்டதுங்களா இது? அதுக்கப்புறம் ஏழு கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது. தீர்த்தமலைக்குப் பறந்தா போனீங்க?"

"மீட்டர்ல ரெண்டாயிரம் ஏத்திப் போடு."

"அது ஆவாதுங்க. செய்யவும் மாட்டேன்."

"ஏன் ஓட்டலைன்னு அவங்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள் தீர்த்தம்மாள். அவர் முறைத்ததற்கு அவள் அசரவில்லை. "மொத நாளே கிளச்சுன்னு நெனச்சு இடது காலால பிரேக்க ஓங்கி மிதிச்சாருப்பா. தலை கண்ணாடியில போயி முட்டுச்சு. பால்காரன் சிரிச்சிட்டான். அன்னையோட சாவிய ஆணியில மாட்டுனவருதான்."

"போதும், வாய மூடு."

சென்றாயன் போனை எடுத்தார். ஜெர்மனியில் அப்போதுதான் விடிந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் மகள் "அப்பா" என்றதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"என்னா வண்டி வாங்கி வச்சிருக்கற நீ? கிளச்சு இல்ல, சத்தமும் இல்ல. தீர்த்தமலையும் போவல, பென்னாகரமும் போவல. அம்புட்டும் பொய்யி. ஒங்கப்பனுக்கு இதை ஓட்ட வரல. கேட்டுக்கிட்டயா?"

"இதைச் சொல்லவாப்பா எழுப்புனீங்க? நான்தான் ஞாயித்துக்கெழம வர்றனே."

"நேர்ல சொன்னா ஒம் மொகத்த பாக்கணுமில்ல" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனை வைத்தார்.

"ஒரு மணி நேரம் ஓடட்டுங்க மாமா, பேட்டரி ஏறணும், அணைச்சிராதீங்க" என்ற நவநீதன், மெதுவாக மறுபக்கக் கதவில் கை வைத்தான். "நான் ஏறட்டுங்களா? ரெண்டு ரவுண்டு சொல்லித் தர்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லித் தர வேணாம். எம் பொண்ணு வரட்டும்."

கதவை இழுத்து அடைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் முழுதும், யாரையும் பார்க்காமல், அந்த வண்டிக்குள்ளேயே கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.