கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

என் அத்தைக்கு வீட்டில் பெயர் பூச்சி. வேளாண் ஆய்வுக்கூடத்தில், அரிசி அந்துப்பூச்சி வளர்க்கும் அறையில் அவளுக்கு வேலை. சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு அவள் உடுப்பு மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

புழுவாக இருக்கும்போது அது தானியத்தை நூலால் பிணைத்து, உள்ளே ஒளிந்து தின்னும். சிறகு முளைத்தபின் இணைவது, முட்டையிடுவது, சாவது, அவ்வளவுதான். அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டிப் பொடிக் குளவிகளிடம் கொடுப்பார்கள். குளவி அவற்றுக்குள் தன் முட்டையை வைத்துப் பெருகும். பிறகு கரும்புத் தோட்டத்தில் விட்டால், தண்டைத் துளைக்கும் புழுவை முட்டையிலேயே முடித்துவிடும்.

ஆபத்து, சிறகிலிருந்து உதிரும் செதில்தூளில் இருந்தது. விசிறி போட்டால் முட்டை பறக்கும் என்பதால், செதிலிலிருந்து முட்டையைப் பிரிக்க அறையை அடைத்துக்கொண்டுதான் சலிக்க வேண்டும். அத்தைக்கு இழுப்பு வந்தது. இனி அந்த அறை கூடாது என்றார் மருத்துவர். தலையாட்டிவிட்டு மறுநாளே போனாள், இன்ஹேலரை வீட்டில் மறந்துவிட்டு.

அம்மாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு ஓடினோம். அறை வாசலில் தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள்.

இன்ஹேலரை இழுத்த கையோடு எழுந்தாள்.

"உள்ள போன, கால ஒடிச்சிருவேன்," என்றாள் அம்மா.

"குளவி வெளிய வந்துருச்சு அண்ணி. இருக்கிறது இந்த ஒரு புட்டிக் குளவிதான். இன்னிக்கு முட்டை கிடைக்கலன்னா வம்சமே போச்சு. கூட வேலை செய்றவளும் லீவு."

"உன் மூச்சு போனா?"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அறை வாசலில் தொங்கிய முகமூடியை அம்மா மாட்டினாள். "சல்லடைதானே. எத்தன மாவு சலிச்ச கை."

அத்தை அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று சைகை காட்டினாள். அம்மா வேகமாகச் சலித்தாள். அறை முழுக்கத் தூள். மெதுவாக என்று அத்தை கண்ணாடியில் தட்டினாள். முட்டைகள் காகிதத்தில் விழுந்தன, மேலே கொஞ்சம் செதிலோடு. உமி ஊதும் பழக்கத்தில் அம்மா முகமூடியை இறக்கி உதட்டைக் குவித்தாள்.

அத்தை இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். இருமல் அவளை மடக்கிப் போட்டது. நான் தாங்கிப் பிடித்தேன்.

பாதி பறந்துவிட்டது. மீதியை அம்மா அட்டையில் ஒட்டிப் புட்டிக்குள் வைத்தாள். கரும்புள்ளிகளாகக் குளவிகள் ஒவ்வொன்றாக அட்டைமேல் ஏறின.

வெளியே வந்த அம்மாவுக்குப் புருவமெல்லாம் சாம்பல்.

"இதுக்கா உயிர விடுற?"

"பாதிய ஊதிட்டீங்க."

"மீதிப் பாதி நான் ஒட்டினது. அறைச் சாவியக் குடு."

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். இப்போதெல்லாம் சலிப்பது லீவில் போயிருந்தவள். அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று தட்டுகிறாள். "மாமியார் இல்லாத வீடுன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டேன், இங்க வந்து ஒரு மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டேன்," என்கிறாள் அந்தப் பெண்.