களக்காட்டுக்குப் போன கொக்கி

பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறை டீசல் மோட்டாருக்கு இரும்பு ஸ்டாண்டு செய்து பிழைத்த பட்டறை. அப்பாவுக்குப் பின் நான்தான் நடத்துகிறேன். பொம்பளைக்கு எதற்கு வெல்டிங் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது.

மானியத்தில் சோலார் பம்பு வர ஆரம்பித்ததும் டீசல் மோட்டார் வாங்க ஆளில்லை. நல்லதுதான், புகையும் சத்தமும் ஒழியட்டும். ஆனால் எங்கள் சோறும் அதோடு சேர்ந்து ஒழிந்துவிடும் போலிருந்தது. சோலார் தகட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டம் நாங்கள் செய்து தருகிறோம் என்று கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குச் சொல்லியனுப்பினேன். அதிகாரியாக ஒரு தம்பி வந்து எல்லாவற்றையும் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குதுங்க அக்கா. ஆனா விலை கட்டாதுங்க. எங்க ஊர்ல மெஷின்லயே வெட்டி, ஓட்டையும் போட்டுத் தந்துடறாங்க. நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடுங்க. அப்புறம் ஆறு பேரு எதுக்குங்க, ரெண்டு பேரு போதும்."

அவர் கணக்கில் தப்பே இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். "மெஷினும் வரும், ஆறு பேரும் இருப்பாங்க. முதல்ல ஆர்டரைக் குடுங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மெஷின் வந்தபின் ஆறு பேருக்கு வேலை எங்கிருந்து வரும் என்பது எனக்கே தெரியாது.

அவர் போனதும் எங்கள் மூத்த வெல்டர் வந்து நின்றார். மேலப்பாளையத்துக்காரர். நடுவில் கொஞ்ச காலம் சவூதி போய்விட்டு மறுபடி எங்களிடமே வந்து சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் பாய்.

"அந்த ரெண்டு பேருல நான் உண்டுமா, தங்கச்சி?"

"சும்மா இருங்க பாய்" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்டர் வந்ததும் கடனை உடனை வாங்கி மெஷினை இறக்கினேன். சந்தனம் குங்குமம் வைத்து நான் தேங்காய் உடைக்க, பாய் பிஸ்மில்லா சொல்லிச் சுவிட்சைப் போட்டார். ஒரு நாள் வேலையை, நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு பாய் மெஷின் பக்கமே போகவில்லை. தன் தூக்குச்சட்டியைக்கூட வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

எங்கள் டீசல் ஸ்டாண்டில் எப்போதும் பின்காலில் ஒரு கொக்கி இருக்கும். தோட்டத்துக்கு வருகிறவர் சட்டையையும் சோற்றையும் பின்னே எங்கே மாட்டுவார்? தரையில் வைத்தால் எறும்பு, எறும்பு விட்டால் நாய். யாரும் கேட்காமலே காலங்காலமாக வைத்துக் கொடுக்கிறோம். பழக்கதோஷத்தில் சோலார் சட்டம் ஒவ்வொன்றிலும் பாய் ஒரு கொக்கியைப் பற்றவைத்துவிட்டார். மற்றவர்கள் அதற்கும் சேர்த்துப் பெயிண்டு அடித்தார்கள். நான் நின்று சரிபார்த்து லாரியில் ஏற்றினேன். ஒருத்தர் கண்ணையும் அது உறுத்தவில்லை.

சட்டத்தை நட்ட தோட்டத்திலிருந்தே கம்பெனித் தம்பி போன் போட்டார். "அக்கா, டிராயிங்ல இல்லாத வளைஞ்ச கம்பி ஒண்ணு இருக்குதுங்களே, என்னதுங்க அது?"

ஆர்டர் போச்சு, ஆறு பேரும் போச்சு என்றே நினைத்தேன். முதல் சட்டத்தைக் களக்காட்டில் ஒரு வாழைத்தோட்டத்தில் நட்டிருந்தார்கள். கொக்கியை அறுக்க கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பாயும் நானும் வேனில் கிளம்பினோம். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

"நீங்களும் பாத்துத்தான ஏத்துனிய" என்று பாய் ஒரே ஒரு தரம் சொன்னார்.

போய்ப் பார்த்தால் கொக்கியில் சட்டை தொங்குகிறது, தூக்குச்சட்டி தொங்குகிறது, ஒரு டார்ச்சும் தொங்குகிறது. தோட்டக்கார அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியை மறித்து நிற்கிறார்.

"கொக்கிய அறுக்கணும்னா தகட்டையும் கழட்டிக்கிட்டுப் போங்க. ஏன் வே, சோலார் போட்டவன் சோறு திங்கக் கூடாதா?"

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார். அவருடையது கோயம்புத்தூரில் செய்த சட்டம். "எனக்கும் ஒரு கொக்கி போட்டுத் தாங்க. அங்கன ஒரு போல்ட்டு ஆடுது, அதையும் பாத்துருங்க. போன் போட்டா யாரு வாராவ?" என்றார்.

பாய் போய் போல்ட்டை முடுக்கினார். கையோடு, வேனில் கிடந்த கம்பியை வளைத்துக் கொக்கியும் மாட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற தம்பி என்னிடம் வந்தார்.

"ஒரு போல்ட்டுக்கெல்லாம் அங்கிருந்து ஆள் அனுப்பி மாளலைங்க அக்கா. சட்டம் இப்ப விலை கட்டிருச்சு. நட்டுறதையும் பழுது பாக்கறதையும் உங்க ஆளுகளே எடுத்துக்குவாங்களா? அதுக்குத் தனியாக் கூலி குடுத்துடறோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு வாழைத்தாரை வேனில் ஏற்றிவிட்டார். பேட்டை வருவதற்குள் அதில் பழுத்திருந்த ஒரு சீப்பை நானே தின்று தீர்த்தேன்.

இளவட்டங்கள் நாலு பேரும் பைக்கில் அம்பாசமுத்திரம், களக்காடு என்று சுற்றுவதாக ஏற்பாடு. மிச்ச இருவரில் ஒருவர் சட்டத்தைப் பற்றவைப்பார். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தால், புது மெஷினின் பக்கத் தகட்டில் ஒரு கொக்கி பற்றவைத்திருந்தது. பெயிண்டு இன்னும் காயவில்லை.

"வாரண்டி போச்சே பாய்" என்று தலையில் கை வைத்தேன்.

"போனாப் போகட்டும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, பாய் வாசலுக்கு வெளியே இருந்த தூக்குச்சட்டியை எடுத்து வந்து அதில் மாட்டினார். "நாளைக்கும் நான் இங்கனதான சாப்பிடணும்."